வெள்ளைக்கு அடியில் ஏழு

டொக்டருக்கு அந்தப் பழைய பந்தயக் காரை விற்றவன், அது ஆதியில் வெள்ளை நிறம் என்று சத்தியம் செய்திருந்தான். கார் நின்றதோ பாசி பிடித்த கிணற்றுக்கட்டின் பச்சையில். பழைய கார் விற்கிறவன் செய்யும் சத்தியம் எனக்குத் தெரியாததா? "பச்சைக்குக் கீழ என்ன இருக்கெண்டு கார்தான் சொல்லவேணும் டொக்டர். அவன் சொல்லி என்ன, நான் சொல்லி என்ன" என்றேன்.

நான் இருபத்தைந்து வருடமாக மொன்றியலில் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவள். முதலில் ஒரு கராஜில் நிலம் கூட்டத்தான் போனேன். ஒருநாள் அடித்து முடித்து வைத்திருந்த கதவைப் பார்த்து, "இது மற்றக் கதவின் வெள்ளை இல்லை" என்று வாய்விட்டேன். முதலாளி சிரித்தான். இரண்டையும் வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்த பிறகு அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நிறம் கலக்கிற வேலை என்னுடையது. கண் நல்ல கண், வாய்தான் சரியில்லை என்று என் மனுசன் சொல்வார். அவர் சொல்வதில் பிழையில்லை.

டொக்டர் சென்னைக்காரர். இருதய டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இல்-பிசாரில் ஆற்றோரமாக வீடு. கார் ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது. கூரை கிடையாது, சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, வெளியே துருத்திக்கொண்டு நாலு சில்லு. கோடையில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்துக்கு, அது முதன்முதல் பந்தயம் ஓடிய அதே நிறத்தில் அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த முதல் நிறம் எது என்று கண்டுபிடித்து, அதையே திரும்ப அடித்துக் கொடுப்பது என் வேலை. இல்-பிசாருக்குப் பஸ் வருவது பெருநாளுக்குப் பெருநாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மனுசன்தான் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

முதல் நாளே டொக்டர் நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தார். கராஜ் முழுக்கத் தின்னர் தகரங்கள் அடுக்கியிருக்கின்றன! "ஐயோ டொக்டர், காருக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் பரலோகம் போயிடுவம், வெளியில கொண்டு போங்கோ!" என்று கத்தினேன். பாவம், டொக்டர் பயந்துபோய்ப் புல்தரையில் போய் நின்று ஆரத்தி காட்டினார். திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேம்மா. இந்த வண்டியில யாரும் போயிடலையே? நான் எத்தனையோ சாவு பாத்தவன்தான். ஆனா அது ஆஸ்பத்திரியோட போச்சு. வீட்டுக்குள்ள வேணாம். அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லிடுங்க, வந்த விலைக்குத் தள்ளிடறேன்."

"பெயின்ற் அப்பிடியெல்லாம் சொல்லாது டொக்டர்" என்றேன். அந்த நேரம் அது உண்மை என்றுதான் நினைத்தேன்.

ஒரு காரின் பழைய நிறங்களைப் பார்க்க, உள்ளங்கையளவு இடத்தை எடுத்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு சாண்ட் பேப்பரால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாக, விளிம்புக்கு வர வர மெல்லிசாக. அப்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வளையமாக வெளியே வரும். காக்பிட்டுக்குப் பின்னால் ஓர் இடத்தில் தேய்த்தேன். பச்சை. அதற்குக் கீழே வெள்ளை, விற்றவன் முழுப் பொய்யன் இல்லை. வெள்ளைக்குக் கீழே சாம்பல் பிறைமர், நிறத்துக்கு முன் பூசுகிற அடிப்பூச்சு. இத்தோடு சரி என்று நினைத்தேன். சாம்பலுக்கும் கீழே ஒரு நீலம் வந்தது. நீலத்தின் நடுவில் அலுமினியம் மினுங்கியது.

அந்த நீலம் கார்க் கடை நீலம் இல்லை. வீட்டுப் பெயின்றில் யாரோ கொஞ்சம் மஞ்சளைக் கலந்து, தூரிகையால் பூசியிருக்கிறார்கள். தூரிகை மயிர் ஒன்று உள்ளேயே ஒட்டிக் கிடந்தது. வளையங்கள் சுற்றியிருக்க நடுவில் மினுங்கின அந்த வட்டம் ஒரு கண் மாதிரி இருந்தது. நான் தின்னர் எடுக்கப் போனாலும் பார்த்தது, குனிந்தாலும் பார்த்தது. எத்தனை கார்களில் இப்படித் தேய்த்திருப்பேன்! ஒருநாளும் அதைத் துணி போட்டு மூடியதில்லை. அன்றைக்கு மூடிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் டொக்டர் ஒரு கடிதத்தைக் கையில் தந்தார். காரின் படத்தை அவர் இணையத்தில் போட்டிருந்தார், அதைப் பார்த்துவிட்டு யாரோ பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி இங்கிலீஷிலேயே காலத்தை ஓட்டியவர் அவர். "நீங்களே படிச்சு என்னன்னு பாத்துடுங்கம்மா" என்று விட்டுவிட்டார்.

எழுதியவர் வயதான ஒரு பெண். அவருடைய அண்ணன் இப்படியான கார் ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டினாராம். நகரத்துக்கு வடக்கே, இப்போது மூடிக் கிடக்கும் ஒரு பந்தய மைதானத்தில் கார் கவிழ்ந்து செத்துப்போனாராம். காருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், யார் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. "எங்கள் கார் நீலம். அந்த நீலத்தை எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துக் கலந்தோம். உங்கள் காரின் அடியில் என்ன நிறம் என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்." கீழே முகவரி இருந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து தெரு.

மாதாவே, என்று நெஞ்சில் கை வைத்தேன்.

நீலத்தில் ஒரு செதிலைக் கத்தி நுனியால் எடுத்து, காலியான மருந்துக் குளிசைப் போத்தலில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் மாடி. அந்த அம்மா கதவைத் திறந்ததும் என் கையைத்தான் முதலில் பார்த்தார், ஏதோ கொண்டு வந்திருப்பேன் என்று. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல். அதை இழுத்து வெளிச்சத்தில் வைத்தார். மிஞ்சின பெயின்றை அன்றைக்கே அதற்கு அடித்தார்களாம்.

போத்தலைத் திறக்கத் தேவையில்லாமல் போயிற்று. அதே நீலம். மஞ்சள் கொஞ்சம் கூடிப்போன அதே பிழை. என் கண் பிழைக்காது.

அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் நடுங்கின. "அந்த நீலமா?" என்று கேட்டார். அந்த முகத்தில் நான் பார்த்தது பயம். அப்படித்தான் எனக்குப் பட்டது.

எங்கள் ஊர் ஆட்கள் சாவுச் செய்தியை நேரே சொல்ல மாட்டார்கள். என் சித்தப்பா போனதை எனக்கு மூன்று தவணையில் சொன்னார்கள். காலையில் காய்ச்சல் என்றார்கள். மத்தியானம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு என்றார்கள். பின்னேரம் போன் எடுத்து, "நீ சாப்பிட்டனியோ?" என்றார்கள். சாப்பிட்டனியோ என்று கேட்டால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். அப்படி ஒரு செய்தியைக் கேட்கிறவர் 'இல்லை' என்ற பதிலுக்காகத்தான் கேட்கிறார் என்பது எங்களுக்குப் தாய்ப்பாலோடு வந்த பாடம். என் வாய் நான் யோசிக்கும் முன்பே திறந்துகொண்டது.

"இல்லை அம்மா. அடியில் சாம்பல்தான். நீலம் இல்லை."

அவர் தலையாட்டினார். பிறகு, "நாங்கள் இரண்டு பேருமாகத்தான் இலக்கத்தை எழுதினோம், பக்கத்துக்கு ஒன்றாக" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. என் மனுசன் கீழே காருடன் நிற்கிறார் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு எழும்பினேன். "மெர்சி" என்று என் கையைப் பிடித்தார். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கை.

"நல்லது செய்தனீர். அந்த வயதில அந்த மனுசிக்கு ஏன் அந்தக் கவலை?" என்றார் என் மனுசன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு பொய்யில் இரண்டு பேருக்கு நிம்மதி. டொக்டருக்குச் சாவு விழாத கார், அந்த அம்மாவுக்கு நடுங்காத கை. டொக்டரிடம் போய், "வெள்ளைதான் டொக்டர், கீழ வெறும் பிறைமர். கடிதத்தில இருக்கிறது வேற கார்" என்றேன். அவர் குழந்தை மாதிரிச் சந்தோசப்பட்டார்.

நான் எடுத்த வட்டத்தை நானே நிரப்பி அடைத்தேன். பச்சை முழுவதையும் தேய்த்து எடுத்து, பழைய வெள்ளையையும் மழுக்கி, மேலே புது வெள்ளை அடித்தேன். பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு கராஜ் கதவைத் தூக்கியதும் டொக்டர் என் பின்னால் வர மறுத்தார். "நீங்க பாருங்கம்மா. நான் காலையில பாத்துட்டேன்."

காரின் இரண்டு பக்கத்திலும் வெள்ளையில் ஒரு றோசா நிறம் கசிந்திருந்தது. கிட்டப் போனால் வெறும் கறை. பத்தடி தள்ளி நின்றால் ஏழு.

பழைய சிவப்புப் பெயின்ற் அப்படிச் செய்யும். மேலே புதுப் பெயின்ற் விழுந்ததும் அதன் ஈரத்தில் கரைந்து மேலே ஏறிவரும், இது என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தலையிடி. டொக்டருக்கு விளக்கமாகச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் எனக்கே ஒரு கேள்வி வந்தது. பச்சைக்காரனும் பழைய வெள்ளைக்காரனும் மேலே அடித்தபோது கசியாமல் கிடந்த சிவப்பு, நான் பொய் சொன்ன பிறகு ஏன் ஏறி வருகிறது?

தின்னர் போட்டுத் துடைத்தேன். துணியும் என் பெருவிரலும் சிவந்தன. துணியை எறிந்துவிட்டேன். விரலில் இருந்ததுதான் போகவில்லை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், தேசிக்காய் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அடுத்த பூசையில் நற்கருணை வாங்கக் கையை நீட்டியபோது பெருவிரலை மடக்கிக்கொண்டேன். சுவாமியார் பார்த்தாரோ என்னவோ, எனக்கு முகம் சுட்டது.

கசிவை நிறுத்த அடிக்கிற பிறைமர் ஒன்று உண்டு. அதை அடித்து, மேலே வெள்ளை அடித்தேன். புதன்கிழமை டொக்டர் போன் எடுத்தார். "வந்திடுச்சும்மா." அதையும் மழுக்கி இரண்டு மடங்கு தடிப்பாக அடித்தேன். மூன்றாம் தரம் அது அன்று பின்னேரமே வந்தது. நான் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குள் போய்த் திரும்பினேன், வெயில் நேரே காரில் விழுந்துகொண்டிருந்தது, முன்பைவிடக் கடுமையாக ஏழு நின்றது. ஆற்றில் அக்கரையிலுள்ள லாவாலுக்குப் போகும் படகில் யாரோ சிரிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்தத் தடுப்புப் பிறைமரைத் தாண்டி எந்தச் சிவப்பும் வந்து நான் கண்டதில்லை. இன்றைக்கும் எனக்கு அதற்குக் காரணம் தெரியாது.

இந்தத் தடவை ஒன்றைக் கவனித்தேன். இரண்டு பக்கத்து ஏழும் ஒன்றில்லை. வலது பக்கத்து ஏழின் வயிற்றில் ஒரு குறுக்குக்கோடு இருந்தது, இங்கே பிரெஞ்சுக்காரர் எழுதுவது மாதிரி. இடது பக்கத்தில் கோடு இல்லை. இரண்டு கை எழுதியது என்று மனதில் ஓடியது. ஓடியதோடு விட்டுவிட்டேன்.

"ஏழு வந்தால் பரவாயில்லை, ஏழரை வராமல் இருந்தால் சரி" என்றார் என் மனுசன், என்னைச் சிரிக்க வைக்க. நான் எரிந்து விழுந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குப் பகிடி எங்கே பிடிக்கும்?

டொக்டரின் முகம் வெளிறிவிட்டது. "இதுல யாரோ போயிருக்காங்கம்மா. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"ஒண்டுமில்லை டொக்டர். வெறும் பெயின்ற். நான் அலுமினியம் தெரியிற வரைக்கும் முழுக்கத் தேய்ச்சு எடுத்துவிடுறன். பேந்து என்ன வருதெண்டு பாப்பம்" என்றேன். வீம்பு. அதற்கு வேறு பேர் கிடையாது. என்னை ஒரு பழைய பெயின்ற் பொய்க்காரி ஆக்குவதா என்ற கோபம்.

வலது பக்கத்தில் தொடங்கினேன். மாஸ்க் போட்டுக்கொண்டு மெஷினால் தேய்த்தேன். வெள்ளைகள் போயின, சாம்பல் போயிற்று. நீலம் வெளியே வந்தது. நீலத்தின் மேல், கசிவாக அல்ல, முழுதாக, கெட்டிச் சிவப்பில் அந்த ஏழு. மெஷினை நிறுத்தினேன். தூரிகை அழுத்தி இழுத்து, குறுக்குக்கோட்டை ஒரே வீச்சில் போட்டிருந்தார்கள். கோட்டின் முடிவில் பெயின்ற் ஒரு சொட்டாக வழிந்து காய்ந்திருந்தது. ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு மெஷினை அதன்மேல் வைத்தேன். பின்னேரம் நாலு மணிக்கு வலது பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி மினுங்கியது.

அடுத்த ஞாயிறு இடது பக்கம். சாம்பல் போய், கோடு இல்லாத ஏழு தெரிந்தது. அதன் காலடியில் நீலத்தில் ஒரு கை பதிந்திருந்தது. ஈரம் காயுமுன் யாரோ சமநிலைக்காக ஊன்றிய கை. ஐந்து விரலும் இருந்தன, சுண்டுவிரல் வளைந்திருந்தது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவர் ஒருவரின் கை அல்ல அது. ஒரு சின்னப் பெண்ணின் கை.

மெஷின் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அந்தக் கை என்னைப் பிடித்துத் தள்ளியது மாதிரி இருந்தது. மடு மாதாவே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டு அழுதேன். என் மனுசனுக்குப் போன் எடுத்து, "உடனே வாங்கோ, வீட்ட போகேல்லை, அந்த மனுசியிட்டப் போறம்" என்றேன்.

இந்த முறை தவணை வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். "அது உங்கள் அண்ணனின் கார். நீலம்தான். அன்றைக்கே எனக்குத் தெரியும். உங்களுக்கு நோகும் என்று பொய் சொல்லிவிட்டேன்." திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று நின்றேன். அவருடைய முகம் அன்றைக்குப் பார்த்த அதே முகமாக மாறியது. விரல்கள் அதே மாதிரி நடுங்கின. அது பயம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆசை. அறுபது வருடத்து ஆசை. "எப்போது பார்க்கலாம்?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை. கராஜுக்குள் வரவும் இல்லை. ஆனால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அந்த அம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

அந்த அம்மா உட்காரவில்லை. நேரே இடது பக்கத்துக்குப் போனார். நீலத்தைப் பார்த்தார், ஏழைப் பார்த்தார், கீழே கையைப் பார்த்தார். தன் வலது கையை அதன்மேல் வைத்தார். மூட்டுகள் வீங்கிய கை, சரியாகப் பொருந்தவில்லை. சுண்டுவிரல் மட்டும் அதே வளைவு. "இது நான்" என்று சிரித்தார். "எனக்குப் பதினாலு வயது. குந்தியிருந்து எழுதும்போது கால் சறுக்கியது." நான் என் பொய்க்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்து மூச்சு விட்டேன்.

பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, காரின் மூக்கைச் சுற்றி, மெல்ல மெல்ல வலது பக்கத்துக்கு வந்தார். அவ்வளவு ஆவலாக வந்தார். அங்கே வெறும் அலுமினியம். அதில் அவருடைய முகமும் என்னுடைய முகமும் மங்கலாகத் தெரிந்தன. அவர் ஒன்றும் விளங்காதவர் போல முன்னும் பின்னும் பார்த்தார். விரலால் அந்த உலோகத்தின் மேல் ஒரு ஏழு எழுதினார். எழுதி, நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டார்.

"இந்தப் பக்கம் அவன் எழுதியது" என்றார். "நான் கோடு போடுவதில்லை என்று என்னைக் கேலி செய்வான். அவன் போன பிறகு எங்கள் அம்மா அவனுடைய கடிதம், கொப்பி எல்லாவற்றையும் எரித்துவிட்டாள். அவன் கையால் எழுதியது உலகத்தில் இது ஒன்றுதான். இதைப் பார்க்கத்தான் நான் கடிதம் போட்டேன்."

எப்போது தேய்த்தாய் என்று கேட்டார். எட்டு நாளைக்கு முன் என்றேன். அவர் விரல்களைக் கணக்குப் பார்ப்பது மாதிரி மடக்கினார். கோபம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன், இருக்கவில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தத் தூள்?" என்று கேட்டார். "தேய்த்த தூளாவது இருக்கிறதா?"

கூட்டிப் பையில் கட்டி வெளியே வைத்தேன், வியாழக்கிழமை குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது என்றேன்.